பாரிஸ் போகிறவர்களுக்கு நான் எழுதிய தாள்

பாரிஸில் தரைக்கு அடியில் ஓடும் ரயிலின் கதவு தானாகத் திறக்காது. கதவில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்து மேலே தூக்கினால்தான் திறக்கும். இது தெரியாமல் நம் ஆட்கள் கதவு திறக்கட்டும் என்று மரியாதையாக நின்றுகொண்டிருப்பார்கள். வண்டி அதன் பாட்டுக்குப் போய்விடும். இந்த விஷயத்தைக் கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல்லும்போது கையையும் தூக்கிக் காட்டுவேன். நான் பாரிஸுக்குப் போனதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். இன்றுவரை போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆபீஸில் கூட்டத்துக்குக் குறைவில்லை. திருப்பூரிலிருந்து பனியன்காரர்கள், பீளமேட்டிலிருந்து பம்பு செய்கிறவர்கள், பல்லடத்திலிருந்து தறிக்காரர்கள் என்று ஆள் மாற்றி ஆள் ஐரோப்பா கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கண்காட்சி, இயந்திரம், சரக்கு வாங்கும் பையர் என்று தொழில் விஷயமாகத்தான். பருத்தி மூட்டையைக் கையால் தொட்டே தரம் சொல்கிற மனிதர், பாரிஸில் தண்ணீர் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூன்று நாள் தாகத்தோடு திரும்பி வந்தார். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

எனக்கு ஆசிரியர் சுவரில் ஒட்டியிருந்த ஒரு ரயில் வரைபடம். பம்புக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. கலர் கலராகக் கோடுகள். கோட்டுக்கு ஒரு எண். முதலில் பார்க்கும்போது குழந்தை கிறுக்கியது போலத்தான் இருந்தது. ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு அதன் புத்திசாலித்தனம் பிடிபட்டது. அங்கே வண்டி கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்று யாரும் கவலைப்படுவதில்லை. அந்தக் கோடு எந்த நிலையத்தில் போய் முடிகிறதோ அந்தப் பெயரைப் பலகையில் எழுதி, அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள். கோட்டின் எண்ணும் கோடியின் பெயரும் தெரிந்தால் போதும், ஊமைகூட நகரத்தைச் சுற்றி வந்துவிடலாம். எங்கள் ஊர் உக்கடத்தில் பஸ் ஏறுகிறவர் டிரைவர், கண்டக்டர், பக்கத்து சீட்டுக்காரர் என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். இப்படி ஒரு ஊரே யாரையும் கேட்காமல் போய்வருகிற மாதிரி யோசித்து வைத்தவர்களை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். அந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

மற்றதெல்லாம் போய்வந்தவர்கள் வாயிலிருந்து பிடுங்கியது. டிக்கெட்டை உள்ளே நுழைந்ததும் தூக்கி எறியக் கூடாது, வெளியே வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நகரும் படிக்கட்டில் வலது ஓரமாக நிற்க வேண்டும், இடது பக்கம் அவசரக்காரர்களுக்கு. ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும், வண்டிகள் நம்ம ஊருக்கு எதிர்மாறாக வரும். செவ்வாய்க்கிழமை பெரிய மியூசியத்துக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டாம். ஓட்டலில் பாட்டில் தண்ணீர் வாங்கத் தேவையில்லை, குழாய்த் தண்ணீர் கேட்டால் ஜாடியில் கொண்டுவந்து வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடம் எது கேட்பதானாலும் முதலில் 'பொன்ஷூர்', அதாவது வணக்கம், சொல்ல வேண்டும். அது இல்லாமல் ஆரம்பித்தால் அவர்களுக்கு முகம் சுருங்கிவிடுமாம். 'நம்ம பக்கம் மரியாதைக்கு ஏனுங்க போடாமல் கூப்பிட்டால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி' என்று எழுதினேன். அதைப் படித்த ஒருவர்கூட பொன்ஷூரை மறந்ததில்லை.

கீழே ஜெராக்ஸ் கடையில் கட்டுக் கட்டாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டோம். டிக்கெட் உறைக்குள் ஒரு தாள் கண்டிப்பாக இருக்கும். திரும்பி வந்தவர்கள் ஆபீஸ் படியேறி வந்து, "உங்க தாளு இல்லாட்டி நாங்க என்ன பண்ணியிருப்போமுங்க" என்று சொல்லிவிட்டுச் சாக்லேட் டப்பா வைத்துவிட்டுப் போவார்கள். பொய் சொல்வானேன், எனக்குத் தலை கால் புரியவில்லை. பாரிஸில் பிறந்தவள் மாதிரிப் பேச ஆரம்பித்தேன். வீட்டில் என் அண்ணன், "உக்கடத்துல எறக்கி விட்டா ஊடு வந்து சேருவியா?" என்று கேலி செய்தும் அடங்கவில்லை.

பல்லடத்துத் தறிக்காரர் ஒருவர் அந்த மாதிரி ஒரு தாளோடுதான் போனார். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். போன நான்காம் நாள் கண்காட்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரிடம் துணி வாங்குகிற பாரிஸ்காரரின் ஆபீஸிலிருந்து எங்களுக்கு ஃபேக்ஸ் வந்தது. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நினைவோடு இருக்கிறார். இதயத்தில் அறுவை செய்ய வேண்டும், ஆனால் உடம்பு அதற்குத் தேறப் பத்து நாள் ஆகும். மனைவி வந்தால் நல்லது.

அந்த அம்மா மறுநாளே வந்தார். சிங்கப்பூருக்கு ஒருமுறை போய்வந்ததால் பாஸ்போர்ட் இருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. ஆங்கிலம் தெரியாது. பிரெஞ்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் புருஷன் ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் தறிக் கொட்டகையைத் தனியாக நடத்துகிறவர். வாசலில் நின்று சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் நூல் அறுந்திருக்கிறது என்று சொல்வாராம். அவரை எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

விசா கிடைத்த கதை தனி. ஓடாத ஓட்டம் ஓடித்தான் வாங்கினோம். அப்படியும் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பாரிஸில் இறங்கும் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அதே திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரை அறுவைக்கு உள்ளே கொண்டுபோவதாக மருத்துவமனை எழுதியிருந்தது. தள்ளிப்போட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். விமான நிலையத்தை விட்டு வெளியே வர ஒன்றேகால் மணி நேரம். வடக்கு ஸ்டேஷன் வரை பெரிய ரயில். அங்கே இறங்கி நான்காம் எண் பாதாள ரயில். எண்ணிப் பதினான்காவது நிலையம் மோன்பர்னாஸ். நம் ஆட்கள் வழக்கமாகத் தங்குகிற பகுதி அதுதான் என்பதால் இந்த வழி முழுக்க ஏற்கெனவே என் தாளில் இருந்தது. பக்கத்திலேயே மருத்துவமனை. எப்படியும் பத்து மணிக்குப் போய்விடலாம். உள்ளே கொண்டுபோகும் முன் ஒரு மணி நேரம் கூட இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

நான் டாக்சி என்றுதான் முதலில் சொன்னேன்.

"டாக்சி வேண்டாமுங்க அம்மணி. பாசை தெரியாத ஊருல ஒருத்தரு வண்டில தனியா ஏற மாட்டனுங்க. ரயிலுன்னா நாலு பேரு இருப்பாங்க" என்றார்.

அங்கே டாக்சி பத்திரமானது என்று நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. என் தாளைப் பற்றி எனக்கு அவ்வளவு கர்வம். இந்த அம்மாவுக்கே வழி சொல்லி அனுப்பிவிட்டால் அதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. மூன்று நாள் மதியம் ஆபீஸிலேயே ஒத்திகை நடத்தினோம். இரும்பு பீரோவின் கைப்பிடியைத் தூக்கிக் கதவு திறந்து பழகினார். பலகையில் பார்க்க வேண்டிய கோடியின் பெயரைச் சிவப்பு மையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். "படிக்க வேண்டாமுங்க அக்கா, கோலத்தைப் பார்க்கிற மாதிரி உருவத்தைப் பார்த்துக்குங்க" என்றேன். ஒரு தரம் பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பி வைத்து, ஓர் எழுத்து பிசகாமல் வரைந்து காட்டினார். பொன்ஷூர் மட்டும் கடைசிவரை பொஞ்சூருங்க என்றுதான் வந்தது. அதுவே அழகாக இருந்ததால் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்பாய் விமானத்தில் அவரை ஏற்றிவிட நானே பீளமேடு விமான நிலையத்துக்குப் போனேன். ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அந்த அம்மா பருத்திச் சேலையும் மேலே புருஷனின் பழைய ஸ்வெட்டருமாக, தாளைக் கையில் பிடித்தபடி உள்ளே போனார். விமானம் ஏறிப் போனபின் வெளியே வரும்போது உக்கடத்து பாய் ஒருவரைப் பார்த்தேன். தையல் மெஷின் உதிரி பாகங்கள் வியாபாரம் செய்கிறவர். எங்கள் தாளோடு பாரிஸ் போய்வந்தவர்களில் ஒருவர். அதே விமானத்தில் மச்சானை அனுப்பிவிட்டு நின்றிருந்தார்.

"ஏனுங்கம்மா, அந்தம்மா எங்க போறாங்க?"

சொன்னேன். தாள் இருப்பதால் பயமில்லை என்றும் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன்.

பாயின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எனக்குக் குடுத்தீங்களே, அதே தாளுங்களா?"

"அதேதானுங்க பாய்."

"நல்ல தாளுங்க. அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாதுங்க" என்றார். தொப்பியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "ஒரு சின்ன விசயம்தானுங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க."

"எதுவானாலும் சொல்லுங்க பாய்."

"அந்த நாலாம் நெம்பரு வண்டி இருக்குதுங்களே, நீங்க எழுதுன கோடிப் பேரைப் பாத்து ஏறுனா, அது தெக்கால போறதுக்குப் பதிலா வடக்கால போகுதுங்க. அஞ்சாவது ஸ்டேசன்ல கோடு முடிஞ்சு எல்லாரும் எறங்கிருவாங்க. நாமளும் எறங்கி, எதுத்த பக்கம் போயி, மறுக்கா ஏறி வந்துரலாமுங்க. ஒண்ணும் சிரமமில்லீங்க."

"இதை ஏனுங்க அன்னைக்கே சொல்லலை?"

"நீங்க அவ்வளவு ஆசையா எழுதிக் குடுத்திருக்கீங்க. அதைப் போயி எப்படிங்க தப்புன்னு சொல்றது?"

நேராக ஆபீஸைத் திறந்து, தாள் வாங்கிப் போனவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் விடாமல் வடக்குக் கோடிவரை போய்த் திரும்பியிருந்தார்கள். "அட, அதுக்கென்னுங்க, அந்தப் பக்கமும் ஊரைப் பார்த்த மாதிரி ஆச்சு" என்றார் ஒரு பனியன்காரர். எனக்கு வரைபடம் கொடுத்த பம்புக்காரர் இரண்டாம் முறை போனபோதும் அப்படியே போய்த் திரும்பினாராம். அவரிடம் பேசும்போதுதான் தப்பு எங்கே என்று விளங்கியது. அவர் எனக்கு வழி சொன்னபோது மோன்பர்னாஸில் தங்கியிருந்து ஊருக்குத் திரும்பி வந்த வழியைச் சொல்லியிருக்கிறார். நான் அதையே போகும் வழியாக எழுதி வைத்திருக்கிறேன். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை ஒருதரம் எழுந்து போய்ச் சரிபார்த்திருந்தால் போதும். நகரத்தையே கரைத்துக் குடித்தவள் என்ற நினைப்பில் அதைச் செய்யவில்லை.

எங்கள் ஜனங்களின் மரியாதை மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்தர், ஒரே ஒருத்தர் முகதாட்சண்யம் பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாதா? சாக்லேட் டப்பா எதற்கு? ஆனால் அந்தச் சாக்லேட்டைத் தின்றவள் நான். புகழ்ச்சி வேண்டும் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

பம்பாய் விமான நிலையத்துக்குப் போன் செய்து கெஞ்சினேன். அறிவிப்பு செய்கிறோம் என்றார்கள். செய்தார்கள்தான். இந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்திருக்கிறார்கள். பாரிஸ்காரர் ஆபீஸுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை. அதன் பிறகு செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை நமக்கு மதியம் இரண்டு மணி ஆகும்போது அங்கே காலை ஒன்பதரை. வரைபடத்தின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வடக்கு ஸ்டேஷனிலிருந்து மேலே போகும் ஐந்து புள்ளிகளையும் கீழே வரும் பதினான்கு புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஃபேக்ஸ் வந்தது. மனைவி வந்துவிட்டார், அறுவை நடக்கிறது என்று மட்டும். எப்போது வந்தார் என்று இல்லை. இரண்டாம் நாள் வந்த ஃபேக்ஸில் தறிக்காரர் அறுவைக்குப் பின் கண் விழிக்காமலே இறந்துபோன செய்தி இருந்தது.

உடலைக் கொண்டுவரும் ஏற்பாடெல்லாம் எங்கள் ஆபீஸ்தான் செய்தது. துக்கத்துக்குப் பல்லடம் போனேன். வாசலோடு திரும்பிவிட்டேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவரே வந்தார். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, கசங்கிப்போன அந்தத் தாளை எடுத்து விரித்து வைத்தார்.

"நாலாம் நெம்பரு வண்டி தப்புங்க அம்மணி" என்றார். சுற்றி வளைக்கவில்லை. அத்தனை பேரில் தானாக வந்து என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். மற்றதெல்லாம் தாளில் இருந்தபடியே நடந்திருக்கிறது. பொஞ்சூருங்க என்று சொன்னதும் டிக்கெட் கொடுக்கிற பெண் எழுந்து வந்தே வழி காட்டியிருக்கிறாள். கைப்பிடியைத் தூக்கிக் கதவைத் திறந்திருக்கிறார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் ஐந்தாவதில் எல்லோரும் இறங்கியும் இறங்கவில்லை. "இன்னும் ஒம்பது இருக்குதுங்களே, நான் எப்படி எறங்கறது?" ரயில்வே ஆள் வந்து சைகை காட்டியபோதும் அவரிடம் ஒன்பது விரலைக் காட்டியிருக்கிறார். வண்டி விளக்கை அணைத்த பிறகுதான் இறங்கினார். சுவரில் இருந்த பெயரையும் தாளில் இருந்த சிவப்பு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

"அப்பத்தானுங்க வெளங்குச்சு. நான் தப்புப் பண்ணுலீங்க, தாளுதான் தப்பு. நாடா இந்தக் கோடில நின்னுபோச்சுன்னா அடுத்து அந்தக் கோடிக்குத்தானுங்களே போகோணும். அக்கட்டால போயி ஏறிப்போட்டேன்."

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவை வைத்து அந்த ஊரைப் புரிந்துகொண்டுவிட்டார். யாரையும் கேட்கவில்லை. ஐந்து நிலையம் திரும்பி வந்து, பிறகு பதினான்கு எண்ணி, சரியாக இறங்கிவிட்டார். ஒரு வருஷம் வரைபடம் பார்த்து நான் கற்றதை அவர் ஒரே காலையில், அதுவும் அந்த மனநிலையில், கற்றிருந்தார். ஆனால் இருட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தது, எதிர்ப்பக்கத்துக்குப் படி தேடி அலைந்தது எல்லாமாகச் சேர்ந்து மருத்துவமனைக்குள் நுழையும்போது பதினொன்றுக்கு இருபது நிமிஷம் இருந்தது.

"என்னைப் பாத்ததும் அவரு கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுங்களா? 'வடக்கால போயிட்டு வந்தியா?'ன்னாருங்க. அவரும் அப்படித்தான் போயிருக்காரு. 'ஆமாங்க'ன்னேன். சிரிச்சாரு பாருங்க. நானும் சிரிச்சுட்டேன். நர்சு ஓடியாந்து மெரட்டுது, நெஞ்சு வலிக்காரரு சிரிக்கலாமான்னு. கல்யாணமான நாளா அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. இருவது நிமிசத்துல பாதி அதுலயே போச்சு."

தாளின் கசங்கலை விரலால் நீவிவிட்டுத் தொடர்ந்தார்.

"உள்ள தள்ளீட்டுப் போகையில சொன்னாருங்க. 'பாவம் அந்தப் புள்ளைக்கு ஆருமே சொல்லியிருக்க மாட்டாங்க. ஊருக்குப் போனதும் மொத வேலையா நான் சொல்லிப்போடறேன்'ன்னு. அதானுங்க வந்தேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேஜை மேல் கவிழ்ந்து அழுதேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"என்னாலதானுங்களே அக்கா அந்த நாப்பது நிமிசம் போச்சு?"

எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்டால் 'அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்பதுதான் பதில். வேறு பதிலை நான் கேட்டதில்லை.

"ஆமா கண்ணு, உன்னாலதான்" என்றார். பிடித்த கையை விடவில்லை.